பழைய ஆர்மோனியப் பெட்டி: முதலில் காற்று, கடைசியில் சுதி

"சுதி போயிருச்சு" என்று சொல்லிக் கொண்டுவருகிற பழைய ஆர்மோனியப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் காற்றுக் கசிவும் அழுக்கும்தான் காரணமாக இருக்கும். துருத்தியின் மூலைத்தோல் வெடித்திருக்கும். ரீடுகளை, அதாவது ஒலி எழுப்பும் பித்தளைத் துண்டுகளை, பொருத்தியிருக்கும் ரீடு பலகையில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். ரீடில் அதிரும் நாக்குக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில் தூசி அடைந்திருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக ரீடைக் கழற்றி அரத்தால் ராவிச் சுதி சேர்க்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அன்றைக்குச் சேர்ந்த மாதிரிதான் இருக்கும். பிறகு யாராவது கசிவை அடைத்ததும் காற்றழுத்தம் மாறும், சேர்த்த சுதி விலகும், மறுபடி ராவ வேண்டிவரும். பித்தளை நாக்கில் ராவிய உலோகம் ராவியதுதான், திரும்ப வராது. எண்பது, நூறு வயதுப் பெட்டிகள் பல இப்படிக் கை மாறி மாறி ராவப்பட்டே வீணாகியிருக்கின்றன. அதனால் மரமும் தோலும் முதலில், ரீடு அதற்குப் பிறகு, சுதி எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

மதுரை வட்டாரத்தில் பெட்டி என்றால் நாடகப் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த ஸ்பெஷல் நாடகம் இன்றும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் ராத்திரி தொடங்கி விடியும்வரை நடக்கிறது. மேடையோரம் மிருதங்கம், ஆல்ரவுண்டு என்கிற பல தாளக்கருவித் தொகுப்பு, தாளத்தோடு உட்கார்ந்து இரவு முழுக்க வாசிப்பவர் பெட்டிக்காரர். பின்பாட்டும் அவரே பாடுவார். இரண்டு கையும் கட்டைமேல், அதாவது விரலால் அமுக்கும் சாவிகள்மேல், இருக்க வேண்டும் என்பதால் நாடகத்துக்குக் கால் ஆர்மோனியம் தோதானது. காற்றைக் கால் பார்த்துக்கொள்ளும். 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் உருவாக்கிய ஆர்மோனியமும் மிதித்து வாசிப்பதுதான். தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடும் கைப்பெட்டி, கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. கமகம் வராது, சுருதிகள் சம இடைவெளியில் பிரிக்கப்பட்டவை என்றெல்லாம் சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1970களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடக மேடை அதை விடவில்லை. நல்ல பழைய பெட்டிகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்று போகும் வழி தெரிந்தால் பழுது எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி. மிதிக்கும் துருத்தி வெளிக்காற்றை இழுத்து, தோல் வால்வு வழியாக உள்ளே இருக்கும் தேக்கும் துருத்திக்குத் தள்ளும். அதை ஸ்பிரிங்குகள் அழுத்திக்கொண்டே இருப்பதால் அழுத்தம் ஒரே சீராக நிற்கும். முன்பக்கக் குமிழான ஸ்டாப்பரைத் திறந்தால் காற்று ரீடு அறைக்குள் ஏறும். கட்டையை அமுக்கும்போது அதன் பின்முனை எழும்பித் துளை திறக்கும். காற்று நாக்கை அதிரவைத்துக்கொண்டு அந்தத் துளை வழியாக வெளியேறும். பழைய தேவாலயங்களில் இருக்கும் பெரிய மிதி ஆர்கன்களில் பல இதற்கு நேர் எதிர்; அவை காற்றை உறிஞ்சி வாசிப்பவை, ரீடுகளும் தனித்தனி குழிக்குள் செருகியிருக்கும், கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். இங்கே சொல்வது அழுத்தக் காற்றில் பேசும் பெட்டிக்கு மட்டும்.

திருப்புளியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. எல்லா ஸ்டாப்பரையும் மூடிவிட்டு மிதித்துத் துருத்தியை முழுக்க நிரப்பி, காலை எடுத்துவிடுங்கள். துருத்தி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பாருங்கள். அரை நிமிடமாவது நின்றால் துருத்தி பழுதில்லை. பத்து விநாடிக்குள் படுத்துவிட்டால் தோலிலோ வால்விலோ ஓட்டை. அடுத்து ஸ்டாப்பர்களைத் திறந்துவிட்டு, கட்டை எதையும் தொடாமல் அதையே செய்யுங்கள். முன்பு நின்ற துருத்தி இப்போது வேகமாக இறங்கினால் கசிவு மேலே, ரீடு பலகையிலோ கட்டைகளின் அடைப்பிலோ இருக்கிறது. இந்த இரண்டு விநாடிக் கணக்கையும் எழுதிவையுங்கள். வளைத்துப் பிடித்த ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ரீடு துளை ஒன்றில் காற்று போகாமல் பொருத்தினால், இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதே அந்தப் பெட்டியின் அழுத்தம். வேலைக்கு முன்னும் பின்னும் இதை அளக்க வேண்டும். பின்னால் சுதி சேர்க்கும்போது இந்த எண் உதவும்.

பிறகு ஒவ்வொரு கட்டையாக, ஒவ்வொரு செட்டாக (கட்டைக்கு ஒன்று வீதம் அமைந்த ரீடு வரிசை ஒரு செட்டு) வாசித்துக் குறிப்பெழுத வேண்டும். பேசாதது எது, தாமதமாகப் பேசுவது எது, கிர்ரென்று உரசுவது எது, அமுக்காமலே கத்துவது எது, அமுக்கினால் பக்கத்துக் கட்டையின் ஒலியும் சேர்ந்து மெலிதாக வருவது எது. 39 கட்டை, இரண்டு செட்டு என்றால் 78 ரீடு. 42 கட்டை, மூன்று செட்டு என்றால் 126. சலிப்பான வேலைதான், ஆனால் இந்தத் தாள் இல்லாமல் திறந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் சரி செய்துகொண்டிருப்போம், உண்மையான பழுது தப்பிவிடும்.

திறந்ததும் ரீடு பலகையைத் தனியே எடுத்து, துணி சுற்றி, வேலை நடக்கும் மேசைக்குத் தூரமாக வைத்துவிட வேண்டும். உப்புத்தாள் தூளும் மரத்தூளும் நாக்கடியில் போனால் அதை எடுக்க இன்னொரு நாள் ஆகும்.

துருத்திக்கு வருவோம். மடிப்புகளின் அட்டை நன்றாக இருந்து, மூலையிலும் மடிப்புக் கோட்டிலும் மட்டும் தோல் வெடித்திருந்தால் முழுத் துருத்தியையும் மாற்ற வேண்டாம். மூலைகளுக்கு 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத மெல்லிய செம்மறித் தோல் வேண்டும். தடித்த தோலைப் போட்டால் துருத்தி மூடும்போது மூலை புடைத்து நின்று மடிப்பைத் திறந்துவிடும். மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் திண்டுக்கல் தோல் பதனிடுவதற்குப் பெயர் போன ஊர். மரப்பட்டையில் பதனிட்ட தோலாகக் கேட்டு, கையில் கசக்கிப் பார்த்து, கசக்கிய இடத்தில் வெடிப்பு விழாததாக வாங்குங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு முழுத் தோல் தாராளம். ரெக்சின் வேண்டாம். புதிதில் கச்சிதமாக இருக்கும். மதுரை வெயிலில் சில கோடைகள் போனால் மேல்பூச்சு உரிந்து, உரிந்த பொடி காற்றோடு போய் ரீடில் உட்காரும்.

பசை விஷயத்தில் பிடிவாதமாக இருப்பது நல்லது. தோலுக்கும் துருத்திக்கும் வஜ்ஜிரம்தான், அதாவது விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சும் பசை. பெவிகால் வலுவானது, மலிவானது, எங்கும் கிடைக்கும். ஆனால் காய்ந்தபின் தோலை அட்டைபோல் விறைக்கவைக்கும், அடுத்த முறை பிரிக்கும்போது மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். வஜ்ஜிரம் ஒட்டிய இடம் வெந்நீர் நனைத்த துணியை வைத்தால் இளகிவிடும். நூறு கிராம் வஜ்ஜிரத்துக்கு நூற்றைம்பது முதல் இருநூறு மில்லி தண்ணீர் ஊற்றி ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு சிறு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். 60 டிகிரிதான் கணக்கு. கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும், நாற்றமும் எடுக்கும். வெயில் காலத்தில் அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் உருக்குங்கள். மிச்சம் மறுநாளே கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டினால் ஒரு நாள் அதிகமாகக் காயவிட வேண்டும். தோலை ஒட்டும்போது துருத்தி பாதி திறந்த நிலையில் இருக்கட்டும். முழுக்கத் திறந்து ஒட்டினால் மூடும்போது தோல் சுருண்டு அகப்படும், மூடி ஒட்டினால் திறக்கும்போது இழுத்துக் கிழியும்.

தேக்கும் துருத்தியின் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்திருந்தால் இணையாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் துருத்தி ஒரு பக்கம் சாய்ந்து ஏறும், அழுத்தம் ஏறி இறங்கும், நீண்ட சுவரம் பிடிக்கும்போது அது நடுக்கமாகக் கேட்கும். ஸ்பிரிங் மரத்தில் படும் இடத்தில் ஒரு சிறு தோல்துண்டு ஒட்டிவிட்டால் கிரீச்சென்ற சத்தம் வராது.

வால்வு என்பது துளைகளின்மேல் இரண்டு முனையிலும் பிடித்து வைத்திருக்கும் ஒரு தோல்பட்டை, அவ்வளவுதான். ஆனால் கால் ஆர்மோனியத்தில் பாதிச் சங்கடம் இங்கிருந்துதான் வரும். தோல் காய்ந்து ஓரம் சுருண்டால், மிதித்த காற்று வந்த வழியே திரும்பிவிடும். காலை எடுத்ததும் உஸ்ஸென்று கேட்கும். பெட்டிக்காரர் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டே இருப்பார், துருத்தி நிரம்பாது. புதுத் தோலின் மெத்தென்ற பக்கம் மரத்தைப் பார்க்க வேண்டும். விறைப்பாக இழுத்து ஆணி அடிக்கக் கூடாது; நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். விறைத்தால் மிதி கனக்கும். தொளதொளவென்று விட்டால் படபடவென்று அடிக்கும், அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். மிதிபலகைக்கும் துருத்திக்கும் இடையிலான நாடா நைந்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளத்தில் புது நாடா போடுங்கள், நீளம் வித்தியாசப்பட்டால் ஒரு கால் மட்டும் சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

ரீடு பலகை ஒற்றை மரப்பலகை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள்ளோ வேனுக்குள்ளோ கிடந்த பெட்டியில் பலகை சுருங்கி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே விரிசல் விடும். ஒரு கட்டையை அமுக்கும்போது பக்கத்துச் சுவரமும் மெலிதாகக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். விரிசலைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, துருத்தியை நிரப்பி அதன்மேல் எடையை வைத்துவிடுங்கள். பத்தியைப் பலகையின் ஓரங்களிலும் இணைப்புகளிலும் மெல்ல நகர்த்துங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று ஒதுங்கும், அங்கே பென்சிலால் குறியுங்கள். கட்டைகளுக்கு அருகே மட்டும் பத்தியைக் கொண்டுபோக வேண்டாம். பழைய பெட்டிகளின் வெள்ளைக் கட்டை மேல்தகடு செல்லுலாய்டாக இருந்தால் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். விரிசலைப் புட்டி வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் புட்டி தனியாக உதிரும். விரிசலைச் சுத்தம் செய்து, அதே ரேகைப் போக்கில் மெல்லிய மரச்சிம்பு சீவி, வஜ்ஜிரம் தடவிச் செருகி, காய்ந்தபின் சமமாக இழைக்க வேண்டும்.

கட்டைகளின் பின்முனையில் கம்பளியும் அதன்மேல் தோலும் ஒட்டியிருக்கும். அமுக்காமலே கத்துகிற கட்டை என்றால் தோலில் ஒரு தடம் பதிந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டை பக்கவாட்டில் சிக்கியிருக்கலாம். தடம் ஆழமாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே தடிமனில் மாற்றுங்கள். நாலைந்தை மட்டும் மாற்றினால் கட்டைகள் மேடு பள்ளமாக நிற்கும். இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர்க் கம்பளி சரியாக இருக்கும். அடைப்பு 7 சென்டிமீட்டர் நீளம், 1.3 அகலம் என்றால் 39 கட்டைக்கும் சேர்த்து 355 சதுர சென்டிமீட்டர்தான் ஆகிறது. வெட்டில் கழிவதற்கும் சேர்த்து 25-க்கு 20 துண்டு ஒன்று போதும். இதிலும் தோலின் மெத்தென்ற பக்கம்தான் துளையைப் பார்க்க வேண்டும். கம்பளி தடித்துவிட்டால் கட்டையை முழுக்க அமுக்கினாலும் துளை சரியாகத் திறக்காது. காற்று நெருக்கப்பட்டு ஒலி மங்கும், சுதியும் சற்று இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு ரீடை ராவினால் வேலை தப்பாகிவிடும். ஒரு கட்டையை அமுக்கினால் அதே சுவரத்தின் வேறு ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து இறக்கும் கப்ளர் கம்பிகளை நேராக்கி, உரசும் இடத்தில் பென்சில் கரி தேய்த்தால் போதும், அதிகம் செய்ய ஒன்றுமில்லை.

இனி ரீடு. நிதானம் அதிகம் வேண்டிய இடம். பித்தளைச் சட்டத்தில் ஒரு நீள்துளை, அதன்மேல் ஒரு முனையில் ரிவிட் அடித்துப் பிடித்த நாக்கு. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் இடத்தையும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ரீடுகளில் சுவர எழுத்து பொறித்திருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம்; இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். துடைக்க மென்மையான தூரிகையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். வீட்டுப் பித்தளைக்குப் போடுகிற புளி, எலுமிச்சை, பாலீஷ் எதுவும் ரீடின் பக்கம் வரக் கூடாது. புளியில் பளபளப்பு வரும், உண்மைதான். ஆனால் அமிலம் மெல்லிய நாக்கை அரிக்கும், ரிவிட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் புகுந்த ஈரம் அங்கேயே தங்கிப் பச்சைக் களிம்பாகும். மங்கிய நிறத்தால் ஒலிக்கு ஒரு கெடுதலும் இல்லை. களிம்பு நாக்கின் அடிப்பகுதியில் குழி பறித்திருந்தால் அந்த ரீடின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

சுத்தம் செய்த ரீடை விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் நூல்போல ஒரு வெளிச்சக் கோடு தெரியும். இரண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மறைந்திருந்தால் நாக்கு விலகியிருக்கிறது, கிர்ரென்ற உரசல் அதிலிருந்துதான் வருகிறது. அடிப்பக்கத்தைக் குறட்டால் பிடித்து மயிரிழை திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். ரிவிட் தளர்ந்திருந்தால் சிறு இரும்புப் பட்டறைமேல் வைத்து, சிறு உளிக்கம்பியால் ஓரிரு தட்டு. வெளிச்சக் கோட்டில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது தூசி; 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகடு) நாக்கடியில் விட்டு ஒருமுறை இழுத்தால் வந்துவிடும். பேசாத ரீடுகளில் கணிசமானவை இந்த ஒரு இழுப்பில் பேசும்.

அடுத்தது இடைவெளி. நாக்கின் நுனி சட்டத்தைவிட்டுச் சற்றே எழும்பி, காற்று வரும் பக்கம் நிற்கும். எவ்வளவு என்றால், ஏறக்குறைய நாக்கின் நுனித் தடிமன் அளவு. பேஸில், அதாவது கீழ்ஸ்தாயியில், கொஞ்சம் அதிகம், மேல்ஸ்தாயியில் மிகக் குறைவு. மெல்லக் காற்று விட்டால் பேசி, அழுத்தி மிதித்தால் ஊமையாகும் ரீடுக்கு இடைவெளி போதாது. அழுத்தி மிதித்தால் மட்டும் பேசி, மெதுவாக வாசித்தால் தாமதிக்கும் ரீடுக்கு இடைவெளி கூடிவிட்டது. விரல் நகத்தால் தூக்கி வளைக்கிற பழக்கம் நாக்கில் ஒரு மடிப்பை உண்டாக்கிவிடும். மெல்லிய தகட்டை அடியில் கொடுத்து, நுனிக்கு அருகில் மரக்குச்சியால் இதமாக அழுத்தி, ஒவ்வொரு தடவையும் வாசித்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

நாடகப் பெட்டிகளில் ஒரு பழுதை மட்டும் அடையாளம் கண்டே ஆக வேண்டும். எல்லா ரீடும் சரியாக இருக்க, ஒன்று மட்டும் சில நாளிலேயே சுதியில் கால் கட்டை, அரைக் கட்டை இறங்கி, ஒலியும் மெலிந்தால், அந்த நாக்கின் அடியில் விரிசல் தொடங்கிவிட்டது. விரிசலால் அடிப்பகுதி இளகிப்போய்ச் சுதி இறங்குகிறது. அதை நுனியில் ராவி ஏற்றினால் இரண்டு நாடகம் தாங்கும், மூன்றாவதில் நள்ளிரவில் ஒடியும். மாற்றத்தான் வேண்டும். ரீடு தயாரிப்புக்குப் பெயர் பெற்றது குஜராத்தின் பாலிதானா; அங்கிருந்து வரும் ரீடுகள் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். சட்டத்தின் நீளம், அகலம், திருகுத் துளைகளின் தூரம் மூன்றையும் அளந்து, அதே சுவரத்துக்கான ரீடாக வாங்குங்கள். பழைய ஜெர்மன் அல்லது பாரிஸ் ரீடுகளுக்கு நடுவில் புதியது ஒன்று தனியாகத் தெரியத்தான் செய்யும். அப்படியிருந்தால் வாசிப்பில் அதிகம் வராத கடைக்கோடிக் கட்டையிலிருந்து பழைய ரீடு ஒன்றை எடுத்து நடுவில் போட்டு, புதியதைக் கோடியில் போடலாம். ஆனால் சுவரம் ஒன்றிரண்டு தள்ளியிருந்தால்தான் இது நடக்கும். நெடுந்தூரம் மாற்றினால் ராவல் அளவுக்கு மீறிவிடும்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் சட்டம் கோணி, சுதி சில சென்ட் (அரைச் சுவரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) நகரும்.

சுதிக்கு வருமுன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்தச் சுதி? இன்று சுதி பார்க்கும் கைபேசிச் செயலியில் எல்லோரும் தா சுவரத்தை, அதாவது ஆறு கட்டைச் சுதியை, விநாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துப் பார்க்கிறார்கள். பிரான்சில் 1859-இல் நிலைநிறுத்தப்பட்ட அளவு 435. அது 440-ஐவிட 20 சென்ட் இறக்கம். ஆகவே பழைய பாரிஸ் ரீடுப் பெட்டி முழுவதும் ஒரே அளவாக 15, 20 சென்ட் இறங்கி நின்றால், அதன் சுதி கெடவில்லை. அது பிறந்த சுதியிலேயே இருக்கிறது. அதை 440-க்கு ஏற்ற 78 நாக்கையும் ராவ வேண்டும், அப்படி ராவினால் பெட்டியின் குரலே மெலிந்துவிடும். இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். நாடகத்தில் பெட்டியின் சுதிக்குத்தான் மிருதங்கம் சேர்க்கிறார்கள், பாடுகிறவரும் அதில்தான் நிற்கிறார். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் ராஜபார்ட் (கதாநாயகன் வேடக்காரர்) பாடிய காலத்திலும் அப்படித்தான். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் கீபோர்டில் சுதியை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பெட்டியில் பெரும்பாலான ரீடு எங்கே நிற்கிறதோ, அந்தச் சராசரியையே அளவாக வைத்து, விலகிய சிலவற்றை மட்டும் அதற்குக் கொண்டுவருவதே குறைந்த ராவலில் முடியும் வழி.

நுனியில் ராவினால் எடை குறைந்து சுதி ஏறும். ரிவிட்டுக்கு அருகே ராவினால் விறைப்பு குறைந்து சுதி இறங்கும். ராவும் திசை நாக்கின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே விழும் கீறல்தான் நாளைக்கு விரிசலாக மாறும். நாக்கடியில் தகட்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தீட்டிய சுரண்டியாலோ மெல்லிய ஊசி அரத்தாலோ ஒரு இழுப்பு, உடனே வாசித்துப் பார்த்தல், மறுபடி ஒரு இழுப்பு. மேல்ஸ்தாயியில் ஓரிரு இழுப்பிலேயே பல சென்ட் ஓடிவிடும். ராவிய சூட்டில் நாக்கு சற்று இறங்கி நிற்கும், ஆறியபின் ஏறும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ரீடைத் தனியே சோதனைத் துருத்தியில் வைத்துச் சேர்த்துவிட்டால் போதாது, பெட்டிக்குள் போனதும் அறையின் அளவுக்கேற்ப நகரும். கடைசித் திருத்தம் எப்போதும் பெட்டியில்தான்.

அழுத்தம் கூடினால் ரீடின் சுதி சற்று இறங்கும், பேஸில் இது நன்றாகவே தெரியும். அதனால் மிதித்துக்கொண்டே சேர்க்கக் கூடாது. தேக்கும் துருத்திமேல் எடை வைத்து, முன்பு குழாய்த் தண்ணீரில் அளந்த அதே அழுத்தத்தை நிறுத்தி, அந்த நிலையில் சேர்க்க வேண்டும். நடு செட்டின் நடு ஸ்தாயியை முதலில் செயலியைப் பார்த்துச் சேருங்கள். மற்ற ஸ்தாயிகளையும் பேஸ் செட்டையும் செயலியிடம் கொடுக்காமல் காதால் சேருங்கள். தாழ்ந்த ரீடில் மேலொலிகள் பலமாக இருப்பதால் செயலி அடிக்கடி தடுமாறும். இரண்டு ரீடு சேரும்போது எழும் அலையை, அதாவது ஒலி கூடிக் குறைவதை, கேளுங்கள். 440 அதிர்வில் 4 சென்ட் விலகல் இருந்தால் விநாடிக்கு ஒரு அலை. 220-இல் அதே 4 சென்டுக்கு இரண்டு விநாடிக்கு ஒரு அலைதான் வரும், அதனால் கீழே போகப்போக அதிக நேரம் பிடித்துக் கேட்க வேண்டும். இரண்டு செட்டும் அலையே இல்லாமல் சேர்ந்தால் ஒலி கச்சிதமாக இருக்கும், ஆனால் திறந்தவெளியில் ஒடுங்கிவிடும். நாடகப் பெட்டியில் மிக மெதுவான ஓர் அலையை விட்டுவைப்பது பழைய கைகளின் வழக்கம், அதை மதித்து விடுங்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு இரவு விட்டு மறுநாள் மறுபடி பாருங்கள், ராவிய ரீடுகளில் சில நகர்ந்திருக்கும்.

மரத்தின் வெளிப்பூச்சுக்கு அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலீஷ் போதும், ரீடு பலகை வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஸ்பிரே அடிக்க வேண்டாம். உளுத்த பகுதி இருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துத் தேக்கு வைத்து ஒட்டுவது நல்லது. உளு மருந்தை ரீடு அறைக்குள் ஊற்றக் கூடாது.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். தேதி, ஆறு கட்டை எந்த அதிர்வில் நிற்கிறது, அழுத்தம் எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்த ரீடு மாற்றியது, எதை ராவியது, எங்கே வஜ்ஜிரம். அடுத்து திறப்பவர் எதைத் தொடக் கூடாது என்பது அதில் தெரிய வேண்டும்.

பராமரிப்பில் மூன்று விஷயம் மட்டும். சரஸ்வதி பூஜையன்று சந்தனம், குங்குமப் பொட்டை வெளிமரத்தில் வையுங்கள். கட்டைமேல் தூவும் விபூதி இடுக்கு வழியாக இறங்கி நேராக ரீடில் போய் உட்காரும். பூச்சிக்காகப் பெட்டிக்குள் போடும் வேப்பிலை காய்ந்து பொடியாகி வால்வில் சிக்கும், பாச்சை உருண்டையும் வேண்டாம். இரண்டையும் பெட்டி உறையின் பையில் போட்டாலே போதும். ஊர் ஊராக வேனில் போகும் பெட்டிக்குத் திருகுகள் தளரும். வேலை முடிந்து முதல் நாலைந்து நாடகம் ஆனதும் ஒருமுறை திறந்து, ரீடுத் திருகு, மிதியின் கீல், மடக்குக் கால்களின் திருகு மூன்றையும் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு பங்குனியில் சீசன் தொடங்கும் முன் ஒருமுறை, ஐப்பசி மழை விட்டபின் ஒருமுறை அதே வேலையைச் செய்தால் போதும்.